போவன் மாம்பழமும் ஈரோட்டுப் பையனும்

ஆஸ்திரேலியாவைப் பற்றி நமக்குத் தெரிந்தது மூன்றே விஷயம்: கிரிக்கெட், கங்காரு, மாமா பையனுக்குக் கிடைத்த பி.ஆர். இந்த மூன்றையும் தொடாமல் ஒரு கட்டுரை எழுத முடியுமா என்று பார்க்கிறேன். (கங்காரு மட்டும் எங்காவது குறுக்கே வரலாம். அங்கே ரோட்டிலும் அப்படித்தான்.)

போன நவம்பரில் சிட்னியில் ஆரம்பித்து, கிழக்குக் கரையோரமாகவே கெய்ன்ஸ் வரை பஸ்ஸில் போனேன். சுமார் 2,600 கிலோமீட்டர். முதுகில் ஒரு பை. பைக்குள் நாலு சட்டை, இரண்டு பேன்ட், ஒரு பாட்டில் ஆவக்காய். இப்படிப் போகிறவர்களுக்கு அங்கே பேக்பேக்கர் என்று பெயர். ஓட்டலில் தங்கப் பணம் இல்லாத, ஆனால் வீட்டில் உட்காரப் பொறுமையும் இல்லாத ஒரு ஜாதி. சராசரி வயசு இருபத்து மூன்று. என்னைப் பார்த்ததும் ஒரு ஜெர்மன் பையன் மரியாதையாக எழுந்து நின்று, வைஃபை பாஸ்வேர்ட் கேட்டான். ஹாஸ்டல் மானேஜர் என்று நினைத்துவிட்டான்.

என் விசாவில் 'வேலை பார்க்கக் கூடாது' என்று ஒரு நிபந்தனை உண்டு. இதை ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். "நாம் இருபது வருஷமாக இங்கே இதே கண்டிஷனில்தானே இருக்கிறோம்!" என்றார்.

பேக்பேக்கர் ஹாஸ்டல் என்பது பாச்சலர் மேன்ஷனின் வெளிநாட்டுப் பதிப்பு. எட்டுப் பேருக்கு ஒரு ரூம், மேலும் கீழுமாக நாலு இரட்டைக் கட்டில்கள். ஆணும் பெண்ணும் ஒரே ரூமில் என்றதும் நிமிர்ந்து உட்காரும் வாலிப வாசகர்களுக்கு ஒரு தகவல். அந்த ரூமில் பிரதானமாக இருப்பது ஈரத் துண்டு வாசனை. அடுத்தது குறட்டை. ஸ்வீடனாக இருந்தாலும் தைவானாக இருந்தாலும் குறட்டைக்கு ஒரே மொழிதான்.

எனக்குப் பிடித்தது சமையலறை. ஃப்ரிட்ஜில் வைக்கும் பொருள் மீது பேரும், ஊரை விட்டுக் கிளம்பும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். தேதி தாண்டிவிட்டால் பொதுச் சொத்து. மூலையில் ஒரு இலவச அலமாரி. கிளம்புகிறவர்கள் மிச்சம் மீதியை அதில் வைத்துவிட்டுப் போவார்கள்: அரை பாக்கெட் பாஸ்தா, கொஞ்சம் உப்பு, அடியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் உள்ள பாட்டில். அடுத்து வருகிறவன் அதில் சமைப்பான். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. நம்ம ஊர்த் தண்ணீர்ப் பந்தல் மாதிரி.

சரி, கடலுக்கு வருவோம்.

சிட்னியின் பாண்டை கடற்கரையை சினிமாவிலும் டூத்பேஸ்ட் விளம்பரத்திலும் பார்த்திருப்பீர்கள். பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். மணலில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும். பெரிய அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அலையில்லாமல் சாதுவாகத் தெரியும். நாமெல்லாம் அங்கேதான் இறங்குவோம். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது. ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இழுபட்டவர்களைக் காப்பாற்ற 1907-லேயே அங்கே சங்கம் வைத்துவிட்டார்கள். கொடிக்குக் காவல் நிற்கும் உயிர்காப்பாளர்களில் கவுன்சில் சம்பளத்துக்கு நிற்பவர்களும் உண்டு. ஆனால் நாடு பூராவும் கரையில் நிற்கிற பெருங்கூட்டம் சம்பளமில்லாத தொண்டர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கணக்கு எழுதுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கரையில் நிற்கிறார்.

வடக்கே போகப் போக ஊர்கள் சின்னதாகின்றன. காஃப்ஸ் ஹார்பர் தாண்டியதும் வூல்கூல்கா. கடலோரம் ஐந்து நிமிஷ பஜார், நடுவில் திடீரென்று வெள்ளை வெளேரென்று ஒரு குருத்வாரா! கரும்பு வெட்டப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பஞ்சாபிகளின் வழி இது. 1901-ல் 'வெள்ளை ஆஸ்திரேலியா' சட்டம் வந்து புதிதாக வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்தியது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். 1940-களில் சிலர் வூல்கூல்காவில் வாழைத் தோட்டங்களில் கூலிக்குச் சேர்ந்து, பிறகு தோட்டத்தையே வாங்கினார்கள். 1968-ல் நாட்டின் முதல் குருத்வாராவை இங்கேதான் கட்டினார்கள். இப்போது வாழையோடு புளூபெர்ரியும் போடுகிறார்கள். அங்கே பழம் பறிக்க வருகிறவர்களில் ஐரோப்பியப் பட்டதாரிகளும் உண்டு. சரித்திரம் சில சமயம் ஜோக்கடிக்கும். நாம் சிரிக்கக் கொஞ்சம் தாமதமாகும்.

அடுத்தது பைரன் பே. ஆஸ்திரேலிய நிலப்பரப்பின் கிழக்குக் கோடி முனை இதுதான். 1901-ல் கட்டிய வெள்ளை லைட் ஹவுஸ் ஒன்று முனையில் நிற்கிறது. 1770-ல் கப்பலில் வந்த கேப்டன் குக், ஜான் பைரன் என்ற கடற்படைக்காரரின் பெயரை முனைக்கு வைத்தார். இவர் கவிஞர் பைரனின் தாத்தா. பிற்பாடு தெருவுக்குப் பெயர் வைத்த அரசாங்க குமாஸ்தாக்கள் இது கவிஞர் பெயர் என்று நினைத்து, கீட்ஸ் தெரு, ஷெல்லி தெரு, டென்னிசன் தெரு என்று வரிசையாக வைத்துத் தள்ளிவிட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். ஃபைலைச் சரியாகப் படிக்காததால் ஊருக்கே இலக்கிய வாசனை வந்த ஒரே கேஸ்.

இன்றைக்குப் பைரன் பே என்றால் யோகா, அலைச்சறுக்கு, நம்மால் வாங்க முடியாத காபி. 1962 வரை அது திமிங்கிலம் வெட்டுகிற ஊர். இப்போது அதே முனையில் நின்று, தெற்கே போகும் திமிங்கிலங்களுக்குக் கைதட்டுகிறார்கள்.

சர்ஃபர்ஸ் பாரடைஸ் பற்றி ஒரு பாரா போதும். எல்ஸ்டன் என்று சாதுவாக இருந்த பெயரை 1933-ல் மாற்றினார்கள். 1965-ல் பார்க்கிங் மீட்டரில் நேரம் முடிந்த கார்களுக்கு, ஃபைன் விழாமலிருக்கத் தங்க நிற பிகினி அணிந்த பெண்களை அனுப்பிக் காசு போட வைத்தார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. கடல் கிழக்கே, அடுக்குமாடிகள் மேற்கே. எனவே பிற்பகலானால் கட்டட நிழல் மணல் மீது விழுந்துவிடுகிறது. சொர்க்கத்தில் வெயில் காய வருகிறவர்கள் துண்டை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் வரை போய்விடுகிறார்கள்.

இது வரைக்கும் பிக்சர் போஸ்ட்கார்டு. பண்டபர்க் போனதும் கார்டின் பின்பக்கம் தெரிந்தது.

போகிற வழியில் சில்டர்ஸ் என்று ஒரு சிற்றூர். பஸ் நிற்கும் தெருவிலேயே, தோட்ட வேலைக்கு வந்த பையன்களும் பெண்களும் தங்கியிருந்த 'பாலஸ்' என்ற பழைய ஹாஸ்டல் கட்டடம் இருக்கிறது. 2000-ம் வருஷம் ஜூன் 23 அதிகாலையில் யாரோ ஒருவன் வைத்த தீயில் 15 பேர் இறந்தார்கள். புகை அலாரம் வேலை செய்யவில்லை. கட்டடத்தைப் புதுப்பித்து, மாடியில் நினைவிடம் வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு மலிவு விடுதிகளுக்குத் தீ பாதுகாப்புச் சட்டம் கடுமையானது. நான் தங்கிய ஒவ்வொரு கதவின் பின்னாலும் வெளியேறும் வழியின் படம் ஒட்டியிருந்தது. அதைப் படிக்காமல் தூங்குவதில்லை என்று வழக்கம் வைத்துக்கொண்டேன்.

பண்டபர்க் ஹாஸ்டலில் யாரும் கடலைப் பற்றிப் பேசவில்லை. காலை நாலரை மணிக்கு எட்டு செல்போன்கள் எட்டு விதமாக அலறுகின்றன. வாசலில் சேறு காய்ந்த பூட்ஸ் வரிசை. வேன் வந்து அள்ளிக்கொண்டு போகிறது: சர்க்கரைவள்ளி, தக்காளி, குடைமிளகாய், சுக்கினி. ஆர்க்கிடெக்சர் படித்த ஒரு பிரெஞ்சுப் பெண், விரலெல்லாம் பிளாஸ்திரியோடு, "நாற்பத்து ஒன்று" என்றாள். குட் மார்னிங்குக்கு பதில் அது. பல நாட்டு இளைஞர்களுக்கு ஆஸ்திரேலியா ஒரு வருஷ விசா தருகிறது. ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம். இரண்டாவது வருஷம் வேண்டுமானால் நகரத்துக்கு வெளியே 88 நாள் தோட்டம் துரவில் உழைத்திருக்க வேண்டும். (பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும் 2024 ஜூலையிலிருந்து விலக்கு.) அவளுக்கு அன்று நாற்பத்து ஒன்றாம் நாள். ஜெயிலில் சுவரில் கோடு போடுவார்களே, அந்த மாதிரி ஃப்ரிட்ஜ் மீது கோடு போட்டு வைத்திருந்தாள்.

சாயந்தரம் பக்கத்தில் இருக்கும் மோன் ரெபோ கரைக்குப் போனேன். நவம்பரில் பெருந்தலை ஆமைகள் முட்டையிட வருகிற இடம். கரையோரம் கருங்கல்லை வெறுமனே அடுக்கிக் கட்டிய ஒரு நீண்ட சுவர். கட்டியவர்கள் தென்கடல் தீவுக்காரர்கள். 1863 முதல் 1904 வரை வனுவாட்டு, சாலமன் தீவுகளிலிருந்து சுமார் 62,000 பேரைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றினார்கள். ஒப்பந்தம் போட்டு வந்தவர்களும் உண்டு. ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. பிறகு சட்டம் போட்டுப் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். வயல் போடப் பொறுக்கிய கல்தான் சுவரானது. இந்தக் கரையின் அழகான ஊர்களுக்கெல்லாம் பின்பக்கம் ஒரு வயல் இருக்கிறது, வயலில் எப்போதும் வேற்றூர்க் கைகள் இருந்திருக்கின்றன என்பது அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது.

அடுத்து 1770. வருஷமில்லை சார், ஊர்! குக் கரையிறங்கிய வருஷத்தையே ஊர்ப் பெயராக வைத்துவிட்டார்கள். அங்கிருந்து லெட்டர் போட்டால் நம்ம போஸ்ட்மேன், தாமதமாகக் கொடுத்ததாகத் தன்னைக் கிண்டல் செய்வதாக நினைப்பார். ஏர்லி பீச்சில் சில்லென்ற வெள்ளை மணல் தீவுகளுக்குப் படகு விடுகிறார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு போவன் போய்ச் சேர்ந்தேன்.

போவனுக்குப் பெருமை மாம்பழம். ஊர் எல்லையில் பனைமரத்துக்குப் பாதி உயரத்தில் ஒரு மாம்பழச் சிலை. ஆஸ்திரேலியாவில் மாம்பழம் என்றாலே 'கென்சிங்டன் பிரைட்' என்ற ரகம்தான். அதற்கு இன்னொரு பெயரே போவன் மாம்பழம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு இங்கிருந்து குதிரைகளைக் கப்பலேற்றினார்கள். மதராஸிலும் கல்கத்தாவிலும் குதிரையை இறக்கிவிட்டுத் திரும்பியவர்கள் கொண்டுவந்த மாங்கொட்டையிலிருந்துதான் இந்த ரகம் வந்தது என்பது பொதுவான நம்பிக்கை. ஆக, பி.ஆர். வாங்கிய முதல் சொந்தக்காரர் மாமா பையன் இல்லை.

அந்த ஹாஸ்டலில் என் மேல் கட்டிலிலிருந்து ஒரு தலை கீழே தொங்கி, "அண்ணா, அது ஆவக்காய் வாசமுங்களா?" என்றது.

ஈரோடு மாவட்டம், கோபிப் பக்கம். மெக்கானிக்கல் எஞ்சினியர். இந்தியர்களுக்கும் இந்த மாதிரி விசா 2024-ல் திறந்தது: 18 முதல் 30 வயது வரை, வருஷத்துக்கு 1,000 பேர், குலுக்கல் முறை, சீட்டு 25 டாலர். முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்தார்கள். ஆபீஸில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே இவனும் கொடுத்திருக்கிறான். விழுந்துவிட்டது. காலையில் மாந்தோப்பு, சனி ஞாயிறு கடல்.

"வீட்டில் தெரியுமா?"

"அக்ரி கம்பெனியில குவாலிட்டி கன்ட்ரோல்னு சொல்லியிருக்கேனுங்ணா. பொய்யில்லீங். பழுத்ததா பழுக்காததான்னு பார்க்கறது அதுதானே?"

அப்பாவுக்கு நாலு ஏக்கர். மஞ்சள், கொஞ்சம் மா. 'இந்தச் சேறு என் காலோட போகட்டும்' என்று சொல்லிச் சொல்லியே பையனைப் படிக்க வைத்தவர். அந்தப் பையன் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மாமரத்தடியில் நிற்கிறான் என்பதைப் போனில் எந்த வாக்கியத்தில் சொல்வது?

மறுநாள் சாயந்தரம் கடற்கரையில் தோசை சுட்டோம். அந்த ஊர்களில் கரையோரம் கவுன்சில் வைத்த பெரிய இரும்புத் தட்டு அடுப்புகள் இருக்கின்றன. பட்டனை அமுக்கினால் சூடாகும். காசு கிடையாது. முன்னால் ஆள் என்ன வாட்டினாரோ என்று நன்றாகச் சுரண்டி, பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்து, கோதுமை மாவைக் கரைத்து ஊற்றினான். ஒரே சிக்கல், கொழுப்பு வடிய அந்தத் தட்டின் நடுவில் ஓட்டை வைத்திருக்கிறார்கள். மாவு நைசாக அங்கே ஓடுகிறது. முதல் இரண்டு தோசை கவுன்சிலுக்கு. மூன்றாவதிலிருந்து ஓரமாக ஊற்றக் கற்றுக்கொண்டோம். எதிரே நீலமாகக் கடல். ஆனால் நவம்பர் முதல் மே வரை வடக்குக் கரையில் ஆளைக் கொல்லும் ஜெல்லி மீன்கள் வரும்; வலை கட்டிய இடம் தவிர இறங்க முடியாது. கொட்டினால் ஊற்ற, மணலில் கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

ஆறு மணி. ஊரில் ஒன்றரை. அப்பாவிடமிருந்து வீடியோ கால். பையன் முழுக்கைச் சட்டையைத் தேடுவதற்குள், தோசை திருப்பின கை திரையில் வந்துவிட்டது. முழங்கைக்குக் கீழே கறுத்துக் கொப்பளித்த தழும்புகள்.

"என்ன கண்ணு அது கையில?"

"ஒண்ணுமில்லீங்ப்பா. அலர்ஜி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. நாலு ஏக்கர்க்காரருக்கு அலர்ஜி தெரியாது. மாங்காய்ப் பால் தெரியும்.

"காம்பை ஒட்ட ஒடிச்சா பால் பீச்சத்தான் செய்யும். ரெண்டு விரக்கடை விட்டு வெட்டோணும்னு அங்க எவனும் சொல்லலையா?"

பையன் தலை குனிந்து நின்றான். தோசை கருகியது. நான் திருப்பினேன்.

"எத்தனை தர்றாங்க?" என்றார் அப்பா. நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையிலிருந்து மணிக்கு 24.95 டாலர்; தற்காலிக ஆளுக்கு அதற்கு மேல் கால் பங்கு கூட. நான் போனபோது ஒரு டாலர் ஏறக்குறைய 58 ரூபாய். பையன் ஒரு நாள் கணக்கைச் சொன்னான். அதிர்ச்சி, சந்தோஷம், எதையாவது எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"மரியாதையாக் கூப்பிடறாங்களா? பேரைச் சொல்லித்தானே?"

"என் பேரைச் சொல்லித்தானுங்ப்பா. முதலாளியையே நான் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறேன். மத்தியானம் எங்க கூடவே தரையில உட்கார்ந்து சாப்பிடறாரு."

மறுபடி நீண்ட மௌனம். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும். கடைசியில், "இங்க களையெடுக்க ஆளே வர மாட்டேங்குது கண்ணு. நானும் அம்மாளும்தான்" என்றார். திட்டாகவும் இல்லை, அனுமதியாகவும் இல்லை. 'கைக்குத் தேங்காயெண்ணெய் போடு' என்று வைத்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே குலுக்கலில் பேர் கொடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. எல்லா முதலாளியும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் இல்லை. முன்பெல்லாம் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். கை பழகாதவன் நாளெல்லாம் முறிந்து, ஹாஸ்டல் வாடகைக்கே போதாமல் நிற்பான். 2021-ல் ஃபேர் வொர்க் கமிஷன் தீர்ப்புச் சொல்லி, 2022 ஏப்ரல் 28 முதல் பெட்டிக் கணக்கானாலும் மணிக்குக் குறைந்தபட்சக் கூலி கீழே போகக் கூடாது என்று ஆகிவிட்டது. எனவே மணிக் கணக்கை நோட்டில் எழுதி வையுங்கள். பே ஸ்லிப் கேளுங்கள். வேலை வாங்கித் தருகிறேன், நாலு வார வாடகையை முன்னால் கட்டு என்கிற ஹாஸ்டலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். விசா வாங்கித் தருகிறேன் என்று இங்கே லட்சம் கேட்கிற ஏஜென்டுக்கு இரண்டு கும்பிடு. குலுக்கலில் எந்த ஏஜென்ட்டின் கையும் போகாது.

கெய்ன்ஸ் வந்து சேர்ந்தேன். பிரபலமான கடற்கரை ஊர், ஆனால் ஊருக்கெதிரே குளிக்கிற கடற்கரை இல்லை! சேற்றுத் திட்டும், முதலை எச்சரிக்கைப் பலகையும்தான். அதனால் 2003-ல் கடலை ஒட்டியே பெரிய நீச்சல் குளம் ஒன்று கட்டி, எல்லோருக்கும் இலவசமாக விட்டிருக்கிறார்கள். அதில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போவனிலிருந்து மெஸேஜ் வந்தது.

"அண்ணா, ஊருக்கு வரப்ப அப்பாவுக்கு மாங்காம்பு வெட்டற கத்தரி ஒண்ணு வேணுமாம். இங்க நாங்க வெச்சிருக்கற மாதிரியே, ஸ்ப்ரிங் வெச்சது. ரெண்டா வாங்கிட்டு வரச் சொல்றாரு."